சங்ககிரிக் கோட்டை: மதில் மதிலாக நடந்து ஏறப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சேலத்திலிருந்து ஈரோட்டுக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் இந்த மலை தெரியும். பஸ் ஜன்னலில் ஒற்றையாக, செங்குத்தாக நிற்கும். கூர்ந்து பார்த்தால் சரிவில் கோடு கோடாக மதில்கள் தெரியும். பார்த்துக்கொண்டே கடந்து போவதோடு பெரும்பாலானவர்களின் உறவு முடிந்துவிடுகிறது. ஒரு நாள் இறங்கி, வழிகாட்டி யாரும் இல்லாமல் சொந்தமாக நடந்து பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இது. உச்சிக்கு எத்தனை நிமிஷத்தில் ஏறினோம் என்று பந்தயம் கட்டுகிறவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது.

சேலம் ஊருக்குள்ளேயே ‘கோட்டை’ என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதை விட்டுவிட்டு ஏன் சங்ககிரி?

பெயர் இருக்கிறது, மதில் இல்லை. திருமணிமுத்தாற்றை ஒட்டிய அந்தப் பகுதியில் கோட்டை மாரியம்மன் இருக்கிறாள், கோட்டை அழகிரிநாதர் இருக்கிறார். ஆடிப் பண்டிகைக்கு ஊரே அங்கே திரளும். ஆனால் மதில் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று தேடினால் கடைகளும் வீடுகளும்தான் கண்ணில் படும். சமவெளிக் கோட்டைகளுக்கு இது வழக்கமான முடிவு. சண்டை ஓய்ந்ததும் மதில் கல்லைக் கேட்க ஆளில்லை. பக்கத்திலேயே வீடு கட்டுகிறவன் எடுத்துப் போவான், சாலை போடுகிறவன் இடிப்பான்.

மலைக்கோட்டையில் அது நடக்காது. அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு கல்லைச் சுமந்து இறக்கும் கூலிக்கு அடிவாரத்தில் புதுக் கல்லே வாங்கிவிடலாம். சங்ககிரி தப்பியதற்கு யாருடைய அக்கறையையும்விட இந்தக் கணக்குத்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

எப்படிப் போவது?

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஈரோடு பஸ் ஏறினால் கொண்டலாம்பட்டி, அரியானூர், மகுடஞ்சாவடி, வைகுந்தம் டோல்கேட் வழியாகச் சங்ககிரி. சுமார் 35 கிலோமீட்டர். கோயமுத்தூர் விரைவு பஸ்ஸில் ஏறுவதாக இருந்தால் ஊருக்குள் நிற்குமா என்று கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பைபாஸிலேயே போய்விடும் வண்டிகள் உண்டு. ஈரோடு, திருச்செங்கோடு பக்கமிருந்தும் பஸ்ஸுக்குக் குறைவில்லை.

ரயிலில் வந்தால் சேலம்–ஈரோடு பாதையில் ‘சங்கரி துர்க்’ என்ற நிலையம். வேகமான ரயில்கள் நிற்காது, பாசஞ்சரைத்தான் பார்க்க வேண்டும். நிலையம் ஊரை விட்டுத் தள்ளி இருப்பதால் அங்கிருந்து ஆட்டோ தேவைப்படும். பஸ் நிலையத்திலிருந்து கோட்டை அடிவாரத்துக்கு நடந்தே போகலாம். யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள், மலைதான் எங்கிருந்தும் தெரிகிறதே.

எந்த மாதம் நல்லது? எத்தனை மணிக்கு ஏற ஆரம்பிக்க வேண்டும்?

கார்த்திகை தொடங்கி மாசி வரை. அப்போது காற்று தெளிவாக இருக்கும், பாறையும் கொதிக்காது. சித்திரை, வைகாசியில் சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொட்டு விளையாடும். இந்த மலையோ வழியெங்கும் வெறும் பாறை. காலடியில் அடுப்பு வைத்தாற்போல் இருக்கும். அந்த மாதங்களில் வராதீர்கள்.

புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் பிறகு மலை பச்சையாக அழகாக இருக்கும். ஆனால் புல் இடுப்பளவு வளர்ந்து பாதை ஓரங்களை மூடிவிடும். காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியாத இடத்தில் கால் வைக்கக் கூடாது. இந்தப் பக்கத்து மலைகளில் பாம்பு இல்லாத மலை கிடையாது.

எந்த மாதமானாலும் காலை வெயில் ஏறுவதற்குள் பாதி மலை ஏறிவிட்டால் நல்லது. மாலையில் ஏறலாம் என்று நினைத்தால், இருட்டுவதற்குள் இறங்கவும் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மலைமேல் விளக்கு எதுவும் இல்லை.

எவ்வளவு நேரம் ஆகும்? ரொம்பக் கஷ்டமா?

அடிவாரத்திலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் ஏற வேண்டும். நிற்காமல் ஏறுகிற இளைஞர்கள் ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சியைத் தொட்டுவிடுவார்கள். ஒவ்வொரு வாயிலிலும் நின்று பார்த்துக்கொண்டு போனால் இரண்டரை மணி நேரம் ஆகலாம். இறங்க ஒரு மணி நேரம். உச்சியில் சுற்றிப் பார்ப்பதையும் சேர்த்தால் அரை நாள் கணக்கு.

கஷ்டம் என்றால், கயிறு பிடித்து ஏறும் கஷ்டம் இல்லை. கல் படிகளும் பாறைச் சரிவும் மாறி மாறி வரும். மூட்டுக்கு வேலை கொடுக்கும் ஏற்றம். ஏறுவதைவிட இறங்குவதுதான் பலருக்குச் சிரமம். வழவழப்பான பாறையில் மணல் துகள் இருந்தால் சறுக்கும். நல்ல பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். ஹவாய் செருப்போடு ஏறுகிற உள்ளூர்க்காரர்களைப் பார்த்து ஏமாறாதீர்கள், அவர்கள் கால் வேறு.

வழிகாட்டி இல்லாமல் வழி தெரியுமா?

தெரியும். மலையின் மற்ற மூன்று பக்கமும் செங்குத்தான பாறை. மனிதன் ஏறக்கூடிய பக்கம் ஒன்றுதான். கோட்டை கட்டியவர்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். எதிரிக்கு ஒரே வழி இருந்தால் காவலுக்கும் ஒரே வழி போதும். ஆக, உங்களுக்கும் வேறு வழி இல்லை. வாயில்களைப் பிடித்துக்கொண்டே போனால் உச்சிக்குக் கொண்டுபோய்விடும்.

குழப்பம் வரும் இடம் என்றால், வாயிலைத் தாண்டியதும் மதிலோரமாகப் பிரியும் ஒற்றையடித் தடங்கள்தான். ஆடு மேய்க்கிறவர்கள் போட்டவை, குறுக்கு வழி தேடியவர்கள் போட்டவை எல்லாம் கலந்திருக்கும். படி இல்லாத தடத்தில் இருபது முப்பது அடிக்கு மேல் போகாதீர்கள். மதிலைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் பாதையைப் பிடியுங்கள்.

யார் கட்டிய கோட்டை இது?

ஒருவர் பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாது. 15-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தார் காலத்தில் எழுந்தது என்பார்கள். அப்புறம் மதுரை நாயக்கர்கள், அவர்களுக்குக் கீழே தாரமங்கலம், அமரகுந்தி வட்டாரத்தை வைத்திருந்த கெட்டி முதலிகள், மைசூர் உடையார்கள், ஹைதர் அலி, திப்பு சுல்தான் என்று கை மாறிக்கொண்டே வந்தது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு தன் ராஜ்யத்தில் பாதியை விட்டுக்கொடுத்தபோது சேலம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் தலைமையில் மன்றோ, கிரஹாம், மக்ளௌட் என்ற மூன்று ராணுவ அதிகாரிகள் வரி வசூலுக்கு வந்தார்கள். இதில் தெற்குப் பகுதி மக்ளௌடிடம். பிற்பாடு சென்னை ராஜதானியில் பரவலாக வந்த ரயத்துவாரி முறைக்கு (விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கும் முறை) விதை போட்டது இந்த வட்டாரத்தில்தான்.

இவ்வளவு பேர் கைக்குப் போனதால்தான் பதினான்கு மதில்கள். வந்தவர்கள் முந்தையவர் கட்டியதை இடிக்கவில்லை. அது போதவில்லை என்று நினைத்துக் கூட ஒன்று கட்டினார்கள். கடைசி மதில் வெள்ளைக்காரர்கள் கட்டியது என்பார்கள்.

சரி, ஏன் இந்த மலைக்கு இவ்வளவு போட்டி?

மேலே ஏறியதும் நீங்களே பார்ப்பீர்கள். மேற்கே காவிரிப் பள்ளத்தாக்கு. பவானி, ஈரோட்டுப் பக்கம் ஆற்றைக் கடந்து கிழக்கே வருகிற எந்தப் படையும் இந்த மலையின் பார்வைக்குத் தப்ப முடியாது. தெற்கே திருச்செங்கோட்டு மலை. கிழக்கே கஞ்சமலை, வானம் தெளிவாக இருந்தால் அதற்கும் பின்னால் சேர்வராயன் மலை. மைசூர் மேட்டு நிலத்திலிருந்து கொங்குச் சமவெளிக்கு இறங்கி வருகிறவனுக்கும், திருச்சியிலிருந்து மேற்கே போகிறவனுக்கும் இது நடுவழி. இன்றைக்கு சங்ககிரி லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊராக இருப்பதற்கும் இந்த இருப்பிடத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

வாயிலில் நின்று என்ன பார்ப்பது? எல்லாம் ஒரே மாதிரி கல்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் வாயில் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, தலைக்கு மேலே இருப்பதைப் பார்க்காமலே எழுந்து போகிறார்கள்.

முதலில் பாதை எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். மலைக்கோட்டைகளில் வாயிலுக்கு நேராக நீண்ட பாதை விடமாட்டார்கள். நேராக இருந்தால் மரத்தடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து கதவில் மோதுவான், யானையை விட்டு முட்டச் செய்வான். வேகம் எடுக்க இடமில்லாமல், வாயிலுக்கு முன்னால் பாதையை மடக்கிவிட்டால் அந்த வேலை நடக்காது. அதோடு, திரும்பும்போது வருகிறவனின் விலாப்புறம் மதில் மேல் நிற்கும் காவலுக்கு நேராக வரும்.

அடுத்து, வாசற்படிக் கல்லைக் குனிந்து பாருங்கள். ஓரத்தில் வட்டமாக ஒரு குழி இருக்கும். கதவின் குடுமி சுழன்ற இடம் அது. மேலே உத்தரக் கல்லிலும் அதற்கு நேர் மேலே இன்னொரு குழி. இரண்டுக்கும் நடுவே ஆள் உயரத்தைவிடப் பெரிய மரக் கதவு நின்றிருக்கிறது. குழிக்குள் விரலை விட்டால் வழவழவென்றிருக்கும். கதவு திறந்து மூடித் திறந்து மூடித் தேய்த்தது. பக்கச் சுவரில் சதுரமாக ஆழமான துளை தெரிந்தால் அது கணையமரம் (கதவுக்குக் குறுக்கே போடும் தாழ்மரம்) நுழைத்த இடம். ஒரு பக்கத் துளை முழங்கை ஆழத்துக்கு மேல் போகும். பகலில் மரத்தை அதற்குள் தள்ளி வைத்துக்கொள்வார்கள், இரவில் இழுத்து எதிர்ப்பக்கத் துளையில் மாட்டுவார்கள். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையை விடுங்கள், தேளுக்கும் அது பிடித்த இடம்.

மூன்றாவது, மதில் மேல் விளிம்பு. கொத்தளங்களிலும் கைப்பிடிச் சுவரிலும் துப்பாக்கித் துளைகள் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஓட்டை. உள்பக்கமாகப் போய் அதில் கண்ணை வைத்துப் பாருங்கள். கீழ்நோக்கிச் சாய்ந்த துளையாக இருந்தால், கொஞ்ச நேரத்துக்கு முன் நீங்கள் மூச்சு வாங்க நின்ற அதே படி அதற்குள் தெரியும். அந்த இடத்தில் நின்றுதான் மூச்சு வாங்குவான் என்று கட்டினவனுக்குத் தெரிந்திருக்கிறது.

எந்த மதில் பழையது, எது புதியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அடிவரிசையைப் பாருங்கள். பெரிய பெரிய கற்கள், ஒன்றோடொன்று பொருந்தும்படி செதுக்கி, நடுவே காரை இல்லாமல் அடுக்கியிருந்தால் அது பழைய கைவேலை. அதற்கு மேலே சின்னக் கல்லும் செங்கல்லுமாகச் சுண்ணாம்புக் காரை பூசிக் கட்டியிருந்தால், அந்த மேல்பகுதி துப்பாக்கியும் பீரங்கியும் வந்தபிறகு சேர்த்தது அல்லது பழுது பார்த்தது. ஒரே மதிலில் கீழே ஒரு நூற்றாண்டும் மேலே ஒரு நூற்றாண்டும் இருக்கலாம். இது பொதுவான கைக்கணக்குத்தான். ஆனால் இதை மனசில் வைத்துக்கொண்டு ஏறினால் ஒவ்வொரு மதிலிலும் நிற்கத் தோன்றும்.

கல்லுக்கு இவர்கள் எங்கேயும் போகவில்லை. சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரமே கருங்கல் பூமி. நிலவியல் ஆராய்ச்சிக்காரர்கள் ‘சங்கரி–திருச்செங்கோடு கிரானைட்’ என்று இந்தப் பாறைக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். பாதையோரப் பாறைகளில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள், பாறை அங்கே நேர்கோட்டில் பிளந்திருப்பது கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். உளியால் குழி எடுத்து, அதில் ஆப்பு இறக்கிப் பாறையைப் பிளந்த தடம் அது. சில இடத்தில் குழி மட்டும் இருக்கும், பாறை பிளந்திருக்காது. பாதியில் விட்டுப் போன வேலை. சுண்ணாம்புக்கும் பஞ்சமில்லை. சுண்ணாம்புக்கல் கிடைப்பதால்தான் இந்த ஊரில் சிமெண்ட் ஆலை.

பதினான்கு மதிலையும் எண்ண முடியுமா?

எண்ணிப் பார்க்கலாம், உங்கள் கணக்கும் கூட வந்தவர் கணக்கும் ஒத்துப்போகாது. சில மதில்கள் முழுசாக நிற்கின்றன, சில இடுப்பளவு மேடாக மட்டும் இருக்கின்றன, சில புதருக்குள் போய் மறுபக்கம் வெளியே வருகின்றன. கொத்தளத்தோடு வளைந்து திரும்புவதைத் தனி மதிலாக எண்ணுவதா, முந்தையதன் தொடர்ச்சியாக எண்ணுவதா என்பதில் சண்டை வரும். அடிவாரத்தில் ரோட்டோரம் நின்று எண்ணுவது சுலபம். காலை வெயில் சாய்வாக விழும்போது கோடுகள் நன்றாகத் தெரியும்.

மதில் மேலேறி நடக்கலாமா?

வேண்டாம். வெளியே கட்டுக்கல், உள்ளே மண்ணும் உடைகல்லும் கொட்டி நிரப்பிய மதில்கள் இவை. மேலே தளம் இருந்த இடங்களில் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருந்தது. தளம் பெயர்ந்தபிறகு மழை உள்ளே இறங்கி மண்ணைக் கரைக்கிறது. பார்க்க உறுதியாக இருக்கும் விளிம்புக்கல் கால் வைத்ததும் அசையும். போதாததற்கு அரசங்கன்றும் ஆலங்கன்றும். பறவை எச்சத்தில் விழுந்த விதை இடுக்கில் முளைத்து, சுண்டுவிரல் கனத்தில் இருக்கும் வேர் சில வருஷத்தில் கல்லையே நகர்த்திவிடும். கன்று முளைத்த இடத்தைப் பார்த்தால் அதற்குக் கீழேயும் நிற்காதீர்கள். அதைப் பிடுங்கி எறிந்து கோட்டைக்கு உதவலாம் என்றும் இறங்காதீர்கள். வேரோடு கல்லும் வரும். தொல்லியல் துறையின் வேலை அது.

மதிலின் உள்பக்கமாக ஒட்டி நடக்கும் தடங்கள் உண்டு. அவை போதும்.

குடிக்கத் தண்ணீர் மேலே கிடைக்குமா?

ஆளுக்கு இரண்டு லிட்டர் கீழிருந்தே கொண்டுபோங்கள். மலைமேல் கடை எதுவும் கிடையாது.

ஆனால் தண்ணீர் மேலே இருக்கிறது, அதுதான் கோட்டையின் உயிர். பாறைக் குழிவுகளிலும் வெட்டிய குளங்களிலும் மழைநீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள். முற்றுகை என்றால் வாரக்கணக்கு, மாதக்கணக்கு. அரிசியையும் ராகியையும் களஞ்சியத்தில் அடுக்கிவிடலாம். தண்ணீரை யாரும் தினமும் தூக்கி ஏற முடியாது. பாறைமேல் விழும் மழை எந்தப் பக்கம் ஓடிவந்து சுனையில் சேர்கிறது என்று நின்று பாருங்கள். சாய்வைக் கொஞ்சம் செதுக்கித் திருப்பிவிட்ட இடங்கள் தெரியும். குடிக்கவோ குளிக்கவோ இறங்காதீர்கள். ஓரம் பாசி பிடித்திருக்கும், ஆழம் மேலிருந்து தெரியாது. நீச்சல் தெரிந்தவனுக்கும் வழுக்குப் பாறையில் ஏறி வெளியே வரப் பிடி கிடைக்காது.

தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது இங்கேதானா?

ஆமாம். இந்தக் கோட்டையில்தான்.

காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் 1756-ல் பிறந்தவர். இயற்பெயர் தீர்த்தகிரி. அவருக்குச் சின்னமலை என்ற பெயர் வந்த கதையைக் கொங்கு நாட்டில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்து, ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, “சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டான் என்று போய்ச் சொல்” என்றாராம். அந்த வரிப்பணத்துக்குப் பொறுப்பான திவான் சங்ககிரியில் இருந்தவர் என்று கதை சொல்லும். அப்படிப் பார்த்தால் இந்தக் கோட்டை முதலில் அவர் எதிர்த்த மைசூர் அதிகாரத்தின் இடம். பிறகு அதே சின்னமலை கம்பெனியை எதிர்க்கத் திப்புவோடு சேர்ந்தார். 1799 மே 4-ல் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்தபின் கொங்குக்குத் திரும்பி, ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு தனியாகப் போரிட்டார். 1801-ல் காவிரிக்கரை, 1802-ல் ஓடாநிலை, 1804-ல் அரச்சலூர் என்று மூன்று சண்டைகளைச் சொல்வார்கள். கடைசியில் சமையற்காரன் நல்லப்பன் காட்டிக்கொடுத்துப் பிடிபட்டார். 1805-ல் தம்பிமாரோடு சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். ஜூலை 31 என்று புத்தகங்கள் எழுதும்; மக்கள் நினைவுநாள் கொண்டாடுவது ஆடி 18-ல்.

பிடித்த இடத்திலேயே முடித்திருக்கலாம். இங்கே கொண்டுவந்ததற்கு, சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிகிற மலை என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். எல்லாரும் அண்ணாந்து பார்க்கிற இடத்தில் செய்ததை எல்லாரும் நினைத்துக்கொண்டே இருப்பார்கள் என்று கம்பெனி கணக்குப் போட்டிருக்கும். நினைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள், கம்பெனி எதிர்பார்த்த விதத்தில் இல்லை.

அப்படியானால் ஆடி 18 அன்று போகலாமா?

சின்னமலைக்கு மரியாதை செய்யப் போகிறீர்கள் என்றால் அன்றைக்குத்தான் போக வேண்டும். அரசு விழா நடக்கும், அமைச்சர்கள், கட்சிக்காரர்கள், சங்கத்தார் என்று மாலையோடு வரிசையில் வருவார்கள், ஊருக்குள் வண்டி நகராது. கோட்டையை நிதானமாகப் பார்க்க வேறு நாளில் வாருங்கள்.

உச்சியில் என்ன இருக்கிறது?

சென்னகேசவப் பெருமாள் கோவில், தூண் மண்டபம், பள்ளிவாசல், தானியக் களஞ்சியம், வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்கள். சில கட்டடங்களுக்குக் கூரை இல்லை, சுவர் மட்டும். கோவிலும் பள்ளிவாசலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். காவலுக்கு இருந்தவர்களில் இரண்டு பேரும் உண்டு, இரண்டு பேருக்கும் சாமி வேண்டும், அவ்வளவுதான்.

பெருமாளுக்காகவே ஏறுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. புரட்டாசி சனிக்கிழமைகளில் பாதை நிறைய “கோவிந்தா, கோவிந்தா” தான். சித்திரைத் தேர்த்திருவிழாவுக்குப் பெருமாளே மலையிறங்கி ஊருக்குள் வருவார். பதினான்கு மதிலுக்கும் உள்ளே வைத்துக் காத்த சாமியை, அத்தனை வாயில் வழியாகவும் தோளில் சுமந்து இறக்குகிறார்கள். கனமான உற்சவரோடு அந்தச் சரிவில் இறங்குகிறவர்களின் கால்களைப் பார்க்க வேண்டும். வெறுங்கையோடு இறங்குகிற நாமெல்லாம் எதற்கு முனகுகிறோம் என்றிருக்கும்.

செருப்பைக் கோவிலுக்கு வெளியே விடுவது, பள்ளிவாசலில் அடக்கமாக இருப்பது எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குழந்தைகள், வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

எட்டு, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நம்மைவிட வேகமாக ஏறிவிடுவார்கள். அவர்களை உச்சியின் விளிம்புப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. கைப்பிடிச் சுவர் எல்லா இடத்திலும் இல்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். துணிச்சலைப் பாராட்டலாம், சிபாரிசு செய்யமாட்டேன்.

முழங்கால் வலி உள்ளவர்கள் முதல் இரண்டு மூன்று வாயில்களோடு திரும்பினாலும் ஒன்றும் நஷ்டமில்லை. மேலே சொன்ன குடுமிக் குழி, கணையத் துளை, மடங்கும் பாதை எல்லாவற்றுக்கும் அதுவே போதும். உச்சியைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் நாமக்கல் கோட்டைக்குப் போங்கள். 1997-ல் தனி மாவட்டம் ஆகும்வரை அதுவும் சேலம் மாவட்டம்தான். ஒற்றைப் பாறைமேல் சின்னக் கோட்டை, சீக்கிரம் ஏறிவிடலாம். பாறையின் இரண்டு பக்கமும் குடைந்த நரசிம்மர், அரங்கநாதர் கோவில்கள் வேறு.

குரங்குத் தொல்லை உண்டா?

உண்டு. கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தால் அது உங்களுடையது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தீனி எல்லாம் ஜிப் போட்ட பைக்குள் இருக்கட்டும். குரங்கைவிடப் பயப்பட வேண்டியது பாறை இடுக்கிலும் மண்டபக் கூரையிலும் கட்டும் மலைத்தேனீக்கு. கூடு தெரிந்தால் சத்தம் போடாமல் ஒதுங்கிப் போங்கள். பீடி, சிகரெட் புகை கூடவே கூடாது.

கல்லில் பெயர் எழுதினால் என்ன ஆகும்? ட்ரோன் விடலாமா?

கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958-ஆம் வருஷச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் சொல்வது இது: பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. இவ்வளவு இருந்தும் மண்டபத் தூணில் பெயிண்டால் ஹார்ட்டின் படம் போட்டு அம்பு விட்டவர்களுக்குக் குறைவில்லை. ட்ரோனுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். போனில் படம் எடுக்கத் தடையில்லை.

இறங்கினபிறகு சாப்பாடு?

லாரிக்காரர்கள் ஊர். புரோட்டா, பிரியாணிக்குக் கவலையே வேண்டாம். சேலம் திரும்புகிறவர்கள் சாயங்காலம் ஒரு தட்டுவடை செட்டுக்கு வயிற்றில் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நாளில் வேறு எதையாவது சேர்த்துப் பார்க்கலாமா?

கோட்டையை யார் வைத்திருந்தார்கள் என்ற கதையைத் தொடர வேண்டுமானால் தாரமங்கலம் போங்கள். ஓமலூர் போகும் சாலையில் கொங்கணாபுரம், சின்னப்பம்பட்டி தாண்டிப் போக வேண்டும் (ஆமாம், கிரிக்கெட் நடராஜன் ஊரேதான்). தாரமங்கலம் கைலாசநாதர் கோவில் கெட்டி முதலிகள் எழுப்பியது. கோட்டை மதிலில் முரட்டுத்தனமாக இருக்கும் கல், அங்கே சங்கிலி வளையமாகவும் சிங்கத்தின் வாய்க்குள் உருளும் பந்தாகவும் ஆகியிருக்கும். மத்தியானத்தில் நடை சாத்தியிருப்பார்கள், நாலு மணிக்குமேல் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

திருச்செங்கோடு பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் ஒரே நாளில் இரண்டு மலைப் படி என்பது கால் தாங்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அர்த்தநாரீஸ்வரர் கோவிலுக்கு வாகனப் பாதை இருப்பதால் வண்டியில் ஏறிக்கொள்ளலாம்.

சமவெளிக் கோட்டை ஒன்றையும் பார்த்து ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு ஆத்தூர் இருக்கிறது. சேலத்துக்குக் கிழக்கே, வசிஷ்ட நதிக்கரையில், அதுவும் கெட்டி முதலிகள் பெயர் சொல்லும் கோட்டை. அங்கே மலை செய்யும் வேலையை ஆறும் உயர்ந்த மதிலும் செய்ய வேண்டியிருந்தது. இது வேறொரு நாளுக்கு, சங்ககிரியிலிருந்து எதிர்த்திசை.

இறங்குவதற்கு வேறு பாதை உண்டா?

இல்லை. ஏறிய வழியேதான். ஏறும்போது தவறவிட்ட வாயில்களை இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.